இரைச்சல் கூடம்

ஜூன் 24, திங்கள்

மனைவி பூங்கோதை இந்த நோட்டை வாங்கிக் கையில் கொடுத்து, பயத்தையெல்லாம் இனிமேல் இதில் எழுதுங்கள், என் காதில் ஊற்றாதீர்கள், எனக்குக் காலையில் டூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவள் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். நாள் முழுக்க ஊர் நோவைக் கேட்டுவிட்டு வருகிறவளிடம் என் நோவையும் சொல்வது தப்புதான்.

நான் பயந்தாங்கொள்ளி என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டாம். முந்தின பள்ளியில் ஒருமுறை பாம்பு என்று கத்தி அத்தனை பிள்ளைகளையும் மைதானத்துக்கு ஓட்டினேன். தீயணைப்பு வண்டி வந்தது. பாம்பு சைக்கிள் டியூபாக இருந்தது. அந்தப் பள்ளி மூடியதற்கு அது காரணமில்லை, பிள்ளைகள் சேராததுதான் காரணம். ஆனால் இந்தப் புதுப் பள்ளி இருக்கிற மருதங்கரை வரைக்கும் டியூப் கதை எனக்கு முன்னாடியே வந்து சேர்ந்திருக்கிறது. ஆசிரியர் அறையில் என்னைப் பார்த்ததும் ஒருவர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு இந்த வேலை கொடுத்தது தாளாளர் சௌந்தரவல்லி அம்மா. மகள் சம்யுக்தாவுக்கும் ஆறாம் வகுப்பு பி பிரிவில் ஃபீஸ் இல்லாமல் இடம் கொடுத்தார். இன்று கூப்பிட்டனுப்பினார். பள்ளி நடக்கிற பங்களா கட்டி நூற்றைம்பது வருஷம் ஆகிறதாம். வருகிற சனிக்கிழமை முதல் ஆடிப்பெருக்கு வரை ஒவ்வொரு சனியும் வெளியாட்களுக்குச் சுற்றிக் காட்டப் போகிறார்கள். சுற்றிக் காட்டுகிற ஆள் நான். சரித்திர வாத்தியார், குரலும் கணீரென்று இருக்கிறது என்றார். மறுத்துப் பேச எனக்குத் தைரியம் எது.

ஜூன் 26, புதன்

காவிரி மணல் பெரும்பாலும் காய்ந்து கிடக்கிறது. நடுவில் ஒரு ஓடை மாதிரி ஓடுகிறது. பங்களாவின் பின்பக்கத்துப் படிகளில் கடைசி ஏழெட்டுப் படி அந்தரத்தில் நிற்கிறது. முன்பு ஆற்றுமட்டம் அவ்வளவு உயரத்தில் இருந்திருக்கிறது. மணல் அள்ளி அள்ளி ஆறு கீழே போய்விட்டது, பங்களா மட்டும் மேலேயே நிற்கிறது.

ஜூன் 29, சனி

முதல் டூர். முப்பது பேர் வந்தார்கள். பாதிப் பேர் பிள்ளைகளை இங்கே சேர்க்கலாமா என்று நோட்டம் பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் பங்களாவைப் பார்க்க வந்தவர்கள்.

மருதங்கரை மிட்டாதார், அந்தக் காலத்துச் சின்ன ஜமீன்தார், இதை ஆற்றுக்குள் காலை நீட்டினாற்போலக் கட்டியிருக்கிறார். கச்சேரி நடந்த அறை இப்போது ஆபீஸ். பல்லக்கு வைத்த கொட்டகை கெமிஸ்ட்ரி லேப். மிட்டாதாரின் படுக்கையறையில் பத்தாம் வகுப்பு நடக்கிறது. ஊஞ்சல் கொக்கிகளில் பையன்கள் லஞ்ச் பையை மாட்டியிருக்கிறார்கள். அதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது.

கடைசியில் இரைச்சல் கூடம். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஆற்றை ஒட்டிய பெரிய ஹால். நடுவில் மரத்தடுப்பு வைத்து ஆறு ஏ, ஆறு பி இரண்டும் அங்கேதான் நடக்கின்றன. வெயில் காலத்தில் கூடம் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமென்று மிட்டாதார் ஆற்றிலிருந்து ஒரு சுருங்கை வெட்டி, தரைக்கு அடியில் தண்ணீரை ஓடவிட்டு, மறுபடி ஆற்றிலேயே விட்டிருக்கிறார். செங்கல்லால் வளைவு கட்டிய கால்வாய். ஆபீஸ் பக்கத்துச் சுவரை ஒட்டிப் போகிறது. அந்தப் பக்கம் தரையில் காதை வைத்தால் ஆறு இரைவது கேட்கும்.

இந்த ஊரில் அதற்குக் 'காது வைப்பது' என்று பெயர். ஆடிப் பதினெட்டன்று ஊரே வந்து காது வைக்கும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், கர்ப்பிணிகள், நாற்று விடப்போகிறவர்கள் எல்லோரும் குப்புறப் படுத்துக் காதை வைப்பார்கள். சத்தம் கூடுதலாக இருந்தால் அந்த வருஷம் நிறைவாக இருக்கும். காவிரி வீட்டுக்கு வந்து பேசுகிறாள் என்று சொல்கிறார்கள். இன்றைக்கும் காது வைத்தார்கள். ஆற்றில் ஓடையளவுதான் தண்ணீர், ஆனாலும் எல்லோரும் கேட்கிறது கேட்கிறது என்று முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்கள்.

நானும் வைத்தேன். கேட்டது. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பக்தி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

சாப்பிடும்போது சம்யுக்தா தன் இடத்தைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். கூடத்தின் மூலையில், வேப்பமரத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் பெஞ்ச். ஆறு தெரியும், காற்று வரும், வகுப்பு டீச்சர் மெர்சியின் கண்ணுக்கும் சட்டென்று படாது. "ஷூவைக் கழட்டிட்டு கால வெச்சா கூசுதுப்பா. கீழ யாரோ மிஷின் ஓட்டற மாதிரி" என்றாள்.

வேப்பமரத்துப் பக்கம் சுருங்கை கிடையாது. டூருக்காக நான் வரைபடத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் முழுக்க மண் நிரப்பின அடித்தளம்.

ஜூலை 3, புதன்

பிள்ளைகள் எதையாவது சொல்லும்.

ஜூலை 6, சனி

இரண்டாவது டூர் முடிந்து எல்லோரும் மோர் குடிக்கப் போனதும் கூடத்துக்குத் திரும்பி வந்தேன். வேப்பமரத்து மூலையில் சம்யுக்தாவின் பெஞ்சை நகர்த்திவிட்டுக் காது வைத்தேன்.

கேட்டது. ஆபீஸ் பக்கம் கேட்பது ஒரு சீரான இரைச்சல், குழாயைத் திறந்துவிட்டது போல. இது அப்படி இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, பிறகு எதையோ விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி சும்மா. நான் எழுந்தபோது ஒரு குடும்பம் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமும் கேட்கிறதா என்று கேட்டார்கள். கேட்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஓடிப்போய்ப் பத்துப் பேரைக் கூட்டிவந்துவிட்டார்கள். எல்லோரும் அந்த மூலையில் படுத்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வருஷம் தாயார் ரெண்டு பக்கமும் வந்துட்டா என்று கண் கலங்கினார்.

எனக்கும் கண் கலங்கியது, வேறு காரணத்துக்கு.

ஜூலை 8, திங்கள்

தாளாளர் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு முறை ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பி, மூன்றாவது முறை அவரே உள்ளே கூப்பிட்ட பிறகு சொன்னேன். சத்தம் வரக்கூடாத பக்கத்திலிருந்து வருகிறது, அடியில் மண் கரைகிறதோ என்று பயமாக இருக்கிறது என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. காபி வரவழைத்தார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறாராம். வருஷா வருஷம் இன்ஜினியர் பார்த்துச் சான்று கொடுக்கிறாராம். பெற்றவர்கள் இந்தக் கூடத்தைப் பார்த்துத்தான் பிள்ளையைச் சேர்க்கிறார்கள், டூரில் இதெல்லாம் பேச்சில் வந்துவிட வேண்டாம் என்றார். பிறகு எழுந்து வாசல் வரை வந்து, "டியூப் கதை எனக்கும் சொன்னாங்க சார். நான் காதுல போட்டுக்கல. நல்ல வாத்தியார்னுதான் எடுத்தேன்" என்றார்.

வணக்கம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். காபி மட்டும் நன்றாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

சம்யுக்தாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கலாக இருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம். கரும்பலகையிலிருந்து தூரத்தில் உட்காருவது நல்லதில்லை. மெர்சி டீச்சரிடம் சொன்னேன். வாசலுக்குப் பக்கத்தில் முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார். கண் விஷயத்தில் அலட்சியம் கூடாது.

வாசலிலிருந்து வராந்தாவுக்கு ஒரே எட்டு.

ஜூலை 10, புதன்

சம்யுக்தா என்னோடு பேசவில்லை. ஜன்னல் இடம் நிவேதிகாவுக்குப் போய்விட்டதாம். நிவேதிகா அவளுடைய உயிர்த் தோழி என்பதால் பாதிக் கோபம்தான். நிவேதிகாவின் அம்மா வளர்மதி கரூரில் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் தைக்கிறார், தனியாகத்தான் வளர்க்கிறார். ஃபீஸ் கட்ட ஓவர்டைம் பார்ப்பவர். நல்ல இடம் கிடைத்ததில் அந்தப் பெண்ணுக்கு ரொம்ப சந்தோஷமாம்.

ஜூலை 13, சனி

மூன்றாவது டூர். தலைவலி.

வேப்பமரத்து மூலையில் தரைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விட்டிருக்கிறது. விரல் நுழையும். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு சாக்பீஸ் துண்டை அதில் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. போட்டிருக்கக் கூடாது. ஒன்றும் கேட்கவில்லை என்று நிமிர்ந்த பிறகு, கீழே களக் என்று ஒரு சத்தம் வந்தது.

கிணற்றில் கல்லைப் போட்டால் வருமே, அது.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. பஸ்ஸில் ஒருவர், உடம்புக்கு என்ன சார் என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தார். பூங்கோதையிடம் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். நோட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

விழாவுக்காகச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த இடைவெளியில் வெள்ளை சிமென்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். இப்போது பார்ப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. இதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி. ஓரிரு நாளில் இங்கே வந்துவிடும். ஊரெல்லாம் சந்தோஷம். ஆசிரியர் அறையில் லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கி, பாதியைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சம்யுக்தாவுக்கு உடம்பு லேசாகச் சுடுவது போல இருக்கிறது. நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

பூங்கோதை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. இல்லாவிட்டாலும் உள்காய்ச்சலாக இருக்கலாம் என்றேன். நர்ஸிடம் இப்படிச் சொன்னால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். 

ஜூலை 22, திங்கள்

இன்றும் உள்காய்ச்சல்.

ஜூலை 23, செவ்வாய்

நிவேதிகா வீட்டுப்பாடம் எழுதின நோட்டுகளோடு சாயங்காலம் வந்தாள். சம்யுக்தாவும் அவளும் கட்டிலில் உட்கார்ந்து கிசுகிசுவென்று ஒரே சிரிப்பு. காய்ச்சல்காரி சிரிக்கிற சிரிப்பா அது என்று சமையலறையிலிருந்து பூங்கோதை கேட்டாள்.

நான் பேச்சுவாக்கில், உட்கார்ந்திருக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று நிவேதிகாவிடம் விசாரித்தேன்.

"சூப்பரா இருக்கு சார். ஆத்துல தண்ணி வந்துடுச்சில்ல, அப்படியே தெரியுது. பெஞ்சு மட்டும் ஆடுது. போன வாரம் ஒரு கால்தான் ஆடுச்சு, இப்ப ரெண்டு கால். பேப்பர் மடிச்சு மடிச்சு வெச்சிருக்கோம்."

மெர்சி டீச்சரிடம் சொன்னாயா என்றேன். சொன்னாளாம், தச்சுவேலை செய்பவர் வரும்போது பார்க்கலாம் என்றாராம். பெஞ்சைப் பார்த்து என்ன செய்வார்? பெஞ்சில் ஒன்றுமில்லை. நான் ஒரு பாக்கெட் பிஸ்கட் எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் சார் என்றாள். வற்புறுத்திக் கொடுத்தேன். தெருமுனை வரை போய் அவள் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல பெண்.

ஜூலை 27, சனி

ஆறு கரை தொட்டு ஓடுகிறது. டூரில் கூட்டம் இருநூறைத் தாண்டியது. இன்று யாரும் படுக்கவே வேண்டியிருக்கவில்லை. நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளங்காலில் தெரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். இத்தனை வருஷத்தில் இப்படிக் கேட்டதில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். நான் மிட்டாதார் எந்த ஊரிலிருந்து செங்கல் கொண்டுவந்தார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். என் குரல் கணீரென்றே இருந்தது. அது எப்படி என்றுதான் புரியவில்லை. கால் இரண்டும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

முடிந்ததும் தாளாளர் அம்மா ஆடிப்பெருக்குக்கு ஏற்பாடு சொன்னார். கூட்டம் கூட்டமாகப் பிரித்து விட்டால் மனத்தாங்கல் வருகிறதாம். எல்லோரையும் ஒரே நேரத்தில் கூடத்துக்குள் விட்டு, ஆறாம் வகுப்புப் பெண்கள் வேப்பமரத்து மூலையில் நின்று காவிரி வாழ்த்துப் பாட, நான் சொன்னதும் அத்தனை பேரும் சேர்ந்து காது வைக்க வேண்டும். ஐந்நூறு பேராவது வருவார்கள்.

நான் சரிங்கம்மா என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

பூங்கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட அவள் பிடுங்கினாள். சம்யுக்தா பத்து நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை, இந்தக் காய்ச்சலுக்கு எந்த மருந்து என்று கேட்டாள். சாக்பீஸ் விழுந்தது வரை ஒப்பித்தேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முகம் வெளிறிப் போனது. ஏன் போலீஸில் சொல்லவில்லை, கலெக்டர் ஆபீஸில் சொல்லவில்லை என்றாள். யார் நம்புவார்கள், டியூப்காரன் சொன்னால் யார் நம்புவார்கள் என்றேன். வேலை போய்விடும் என்றேன். சத்தம் பெரிதாகக் கேட்பதை வரம் என்று கொண்டாடுகிற ஊரில் நான் என்ன சொல்ல முடியும் என்றேன். அதெல்லாம் உண்மைதான்.

அவள் தெர்மாமீட்டரை டப்பாவில் போட்டு மூடினாள். "மத்த பிள்ளைங்களுக்கு ஏன் காய்ச்சல் குடுக்கல நீங்க?" என்று கேட்டாள். சத்தம் போடாமல் கேட்டாள். பிறகு, இனி லீவு கேட்டுப் போன் பண்ணுவதாக இருந்தால் நீங்களே பண்ணுங்கள், இந்தப் பொய்யில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கலெக்டர் ஆபீஸ் வரை போனேன். மனு கொடுக்கிற நாள் திங்கட்கிழமை என்றார்கள். ஆடிப்பெருக்கு சனிக்கிழமை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கூடத்தில் தோரணம் கட்டுகிறார்கள். மெர்சி டீச்சர் பெண்களை நிறுத்தி ஒத்திகை பார்த்தார். நிவேதிகா முதல் வரிசை.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப் பதினெட்டு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும். 

ஆறு நுரைத்துக்கொண்டு போனது. படித்துறையில் பெண்கள் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, ஈரப்புடவையோடு பங்களாவுக்கு வந்தார்கள். வராந்தா நிறைந்து தோட்டம் வரை ஆட்கள். கூடத்தின் கதவை நான் திறந்துவிட வேண்டும். உள்ளே பாட்டுப் பாடும் பெண்கள் மூலையில் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் கதவைத் திறந்தேன். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். முதல் ஆளாக வளர்மதி நின்றார். பெண் பாடுவதைப் பார்க்க லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். புதுப்புடவை. என்னைப் பார்த்ததும் மரியாதையாகச் சிரித்து, "சம்யுக்தா பாடலீங்களா சார்? இன்னும் காய்ச்சல் விடலீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் போதும். ஒரு தலையாட்டல். எத்தனையோ பேரிடம் சொன்ன பொய்தான். ஆனால் நான் வாயைத் திறந்தபோது, அவர் தோளுக்குப் பின்னால் ஐந்நூறு பேர் உள்ளே வரக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"காய்ச்சல் இல்லீங்க" என்றேன். "நான்தான் அனுப்பல. இந்தக் கூடத்துக்கு அவளை அனுப்ப எனக்குப் பயம்."

யாரோ டியூப் என்று சொல்லிச் சிரித்தார்கள். வளர்மதி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "நிவேதிகா, வெளிய வா" என்றார். அவள், பாட்டு இருக்கிறதே என்றாள். "வான்னா வா" என்றார். அவள் வந்ததும் ஒவ்வொரு பெண்ணாக வெளியே வந்தார்கள். அவர்களுக்கு என்ன ஏது என்று தெரியாது, முதல் ஆள் போனதால் போனார்கள்.

அதற்குப் பிறகு எனக்குக் குரல் வந்துவிட்டது. சுருங்கை இந்தச் சுவரை ஒட்டித்தான் போகிறது, அந்தச் சுவர்ப் பக்கம் மண்தான் இருக்க வேண்டும், அங்கே தண்ணீர் கேட்கிறது என்றால் மண் இல்லை என்று அர்த்தம், நான் போட்ட சாக்பீஸ் தண்ணீரில் விழுந்தது என்று டூரில் சொல்கிற அதே குரலில் சொன்னேன். காவிரி பேசவில்லையா என்று ஒரு பாட்டியம்மா கேட்டார். நான் மறுபடி சுருங்கையிலிருந்து ஆரம்பித்தேன். ஆனால் வாத்தியார் பெற்ற பெண்ணையே அனுப்பவில்லை என்ற பேச்சு வராந்தாவிலிருந்து தோட்டம் வரை ஓடிவிட்டது. சுருங்கையும் செங்கலும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒன்று போதுமாக இருந்தது. கூட்டம் பின்வாங்கியது.

தாளாளர் அம்மா வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கூடத்துக்குள் போனார். பெஞ்சுகளையெல்லாம் ஓரம் கட்டியிருந்த வெற்றுத் தரையில் நடந்துபோய், நடுவில் அவருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இது என் வீடு, நான் உட்கார்ந்திருக்கிறேன், நம்புகிறவர்கள் வரட்டும் என்றார். யாரும் போகவில்லை. யாரும் வெளியேயும் போகவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உள்ளே போனேன்.  காலுக்கடியில் தரை அதிர்ந்தது. ஒவ்வோர் அடியையும் வைத்துப் பார்த்து வைத்தேன். பக்கத்தில் போனபோதுதான் அவர் நாற்காலியின் கைப்பிடிகளை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்த்தேன். விரல்கள் வெளுத்திருந்தன.

வாருங்கள் அம்மா, போய்விடலாம் என்றேன்.

"எந்திரிக்க முடியல சார்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கால் வரமாட்டேங்குது."

கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். எழுந்து நின்ற பிறகும் நகரவில்லை.

"என் பேரப் பிள்ளைங்க ரெண்டு பேரையும் ஏன் கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல விட்டேன்னு நினைக்கறீங்க? இவ்வளவு பெரிய ஸ்கூல் சொந்தமா இருக்கறப்ப" என்றார். "நாலு வருஷமா அந்தப் பக்கம் எனக்கும் கேக்குது."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. நல்ல கோபம், உச்சந்தலை வரை. நானூறு பிள்ளைகளை இங்கே உட்காரவைத்துவிட்டுத் தன் ரத்தத்தை மட்டும் பத்திரமாக அனுப்பியிருக்கிறார். ஏதோ சொல்லவும் வாயெடுத்தேன்.  எந்த வாயால் சொல்வது? கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு வெளியே வந்தேன். அவரே கதவைப் பூட்டினார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் வேப்பமரத்து மூலை உள்ளே போய்விட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லையாம். காவலாளி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தரை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஓரம் கட்டிவைத்த நான்கைந்து பெஞ்சுகள் காணோம். யாருக்கும் ஒன்றுமில்லை.

பூங்கோதை போனில் கேட்டுவிட்டு வந்து என் தோளில் கை வைத்தாள். சம்யுக்தாவைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மூச்சு முட்டுதுப்பா என்றாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வகுப்பு நடத்தப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருக்கிறார்கள். அதிகாரிகள் வந்து பங்களாவைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். தாளாளர் அம்மா பங்களாவை மூடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியூர் போயிருக்கிறார்.

இன்று பெற்றோர்கள் வந்தார்கள். என்னைத் தேடித்தான் வந்தார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு அம்மா தேங்காய் பழத்தட்டோடு வந்தார். பாம்பு டியூப் என்று கிண்டல் பண்ணினவரே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சார் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றார். கூச்சமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

வளர்மதி கடைசியில் வந்தார். நிவேதிகா கூட இருந்தாள். அவளைச் சம்யுக்தாவிடம் அனுப்பிவிட்டு, எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும் சார் என்று கேட்டார்.

"ஜூலை ஆரம்பத்துல இருந்து."

"சம்யுக்தா எடத்த மாத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மெர்சி டீச்சர் சொல்லியிருக்கிறார். அல்லது பிள்ளைகளே சொல்லியிருக்கும். முன்னாடி என்றேன். பார்வை மங்கல் என்று அந்த நிமிஷம்கூட ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

"எம்பொண்ணு அங்க உக்காந்திருக்கறது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தப்ப பிஸ்கட் குடுத்தீங்க."

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். வேலை, டியூப், யாரும் நம்பமாட்டார்கள் என்று பூங்கோதையிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டார். அழவில்லை, திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது.

"நீங்க பயந்ததத் தப்பு சொல்லல சார். நானா இருந்தாலும் எம்பொண்ணத்தான் மொதல்ல தூக்கியிருப்பேன். ஆனா அந்த எடத்தக் காலியா விடச் சொல்லியிருப்பேன்" என்றார்.

பிறகு பெண்ணைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.